ரிஸாலின் மின்னூல்

டேப்லெட் திரை முழுக்க ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

ஒவ்வோர் எழுத்தும் சாஹிராவின் கட்டைவிரல் அளவு. விரலால் தள்ளினாள். அடுத்த சொல் வந்தது. அதுவும் அதே அளவு.

ஞாயிறு காலை. ரிஸால் குளித்துக்கொண்டிருந்தான். அப்படி என்னதான் இதில் படிக்கிறார் என்று பார்க்கத்தான் கணவனின் டேப்லெட்டைத் திறந்தாள்.

செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. சர்க்கியூட் பலகைகளைக் கண்ணால் பார்த்துப் பழுது கண்டுபிடிக்க வேண்டும். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இந்த வருஷம் திடீரென்று புரோகிராமிங் படிக்க ஆரம்பித்தான். பதவி உயர்வுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறந்தநாளுக்கு எழுநூறு பக்கப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள்.

அதை அவன் தொடவே இல்லை. கேட்டால் மின்னூல்தான் வசதி என்பான். அவளுக்கு அது உள்ளுக்குள் வருத்தம்தான்.

எழுத்தைச் சிறிதாக்கப் போனாள்.

"அத மாத்தாதே லா," என்றான் ரிஸால், ஈரத்தலையோடு வாசலில் நின்று.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

வலது கண்ணில் ஆரம்பித்ததாம். இப்போது இடது கண்ணிலும். எதைப் பார்த்தாலும் நடுவில் புகை. திரும்பாது என்று ஜனவரியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைதான் தொழிற்சாலையில் சொன்னானாம். இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

"பார்வ இல்லாதவங்ககூட புரோகிராம் எழுதுறாங்க. டேப்லெட் படிச்சுக் காட்டும். ஆனா புள்ளி, அடைப்புக்குறியெல்லாம் முழுங்கிடுது. அது இல்லாம ஒண்ணும் ஓடாது."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சாஹிரா கேட்கவில்லை.

எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாடத்தைத் திறந்தாள். அர்த்தம் தெரியாத அந்த வரிகளைப் புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி எதையும் விடாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ரிஸால் மடிக்கணினியைத் திறந்து தட்டத் தொடங்கினான்.

நான்காவது வரியில்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. விரல்கள் எங்கும் தடுமாறவில்லை.

அவன் இதை எத்தனையோ மாதமாகப் பழகியிருக்கிறான்.