வெற்று வானத்துக்குத் திரும்பிய தட்டு

“சாமான் லாரி வந்து நிக்குது, பொண்ணும் ஏறி உக்காந்துட்டா. கூட வர்றீங்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்க,” என்று கட்டுப்பாட்டு அறை வாசலில் மனைவி சத்தம் போடுகிறாள். பொறியாளரின் கண் திரையை விட்டு அசையவில்லை. ரேடியோ தொலைநோக்கியின் திறனை அளக்க, தட்டை முதலில் வெற்று வானத்துக்குக் காட்டிவிட்டு, இப்போது ஒலி வலிமை தெரிந்த விண்மீன் மண்டலத்துக்குத் திருப்பியிருக்கிறார். திரையில் கோடு எவ்வளவு எழும்புகிறதோ, அவ்வளவு அந்தத் தொலைநோக்கிக்குக் காது கூர்மை. “எங்கயோ வானத்துல முனகினாக் கேக்கும், பக்கத்துல கத்தினாக் கேக்காது,” என்கிறாள். அவருக்கும் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் மரத்துப்போன காலைப் போல உள்ளே எதுவும் எழும்பவில்லை. திடீரெனக் கோடு துள்ளுகிறது. அவள் கைப்பையிலிருந்த போனில் லாரிக்காரரின் அழைப்பு. இப்போதுதான் ஐயா திரும்பிப் பார்க்கிறார். “போனை அணைச்சிடும்மா. அளவு கெட்டுப்போச்சு.” அணைக்கிறாள். தட்டு முனகிக்கொண்டே மறுபடி வெற்று வானத்துக்குத் திரும்புகிறது. அந்த லாரியிலேயே மகளோடு அவள் ஊர் மாறிப் போனாள். அளவு அப்பழுக்கில்லாமல் வந்ததாம்.