சோறெடுக்காத காக்கை

"ஏம்மா, காக்கா சோத்தைத் தொடவே மாட்டேங்குதே?"

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி ஏகநாதன், ஜன்னல் வழியே மதில் சுவரைப் பார்த்தபடி கேட்டார். சுந்தரவல்லியும் எட்டிப் பார்த்தாள். பாவி மனுஷன், அமாவாசையன்றைக்கா வர வேண்டும்?

"மூணு அமாவாசையா இப்படித்தான் சார். அவருக்கு மனசுல ஏதோ குறை போல."

குறை இருக்காதா? அந்தச் சோறு போய்ச் சேர வேண்டிய அவள் புருஷன் சாம்பசிவன், சமையலறைப் பரணில் அண்டா குண்டாக்களுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். ரிட்டையராக நாற்பது நாள் இருக்கும்போது மச்சானோடு காசிக்குப் போனவர். 'கங்கை அடித்துக்கொண்டு போய்விட்டது' என்று மச்சான் சாட்சி சொல்ல, தாடி வளர்த்துக்கொண்டு திருட்டுத்தனமாக அஸ்தினாபுரத்துக்கே திரும்பி வந்தாயிற்று. சர்வீஸில் இருக்கும்போது செத்தால் பையனுக்கு அதே ஆபீஸில் வேலை. பி.காம். முடித்து நாலு வருஷமாக அவனும் 'வான்டட்' விளம்பரங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

ஏகநாதன் கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் குடும்பத்தோடு ஜெயில்.

"நானும் உங்க பையன் மாதிரிதாம்மா. அப்பா தவறினதால வேலைக்கு வந்தவன். பதினோரு வருஷமாச்சு. அதான் இந்த மாதிரி கேஸுன்னா என்னையே அனுப்பறாங்க."

"அப்ப எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா சார்?" சுந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயத்தில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பரணில் ஒரு தும்மல்.

"பூ... பூனை சார்."

ஏகநாதன் எழுந்து சமையலறை வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். அண்டாவுக்குப் பின்னால் ஒரு தாடி சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. சுந்தரவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் போயிற்று.

அவர் திரும்பி வந்து, பேனாவை எடுத்து, ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த மாசம் பையனுக்கு ஆர்டர் வந்துடும்மா."

அவளுக்கு நம்பவே முடியவில்லை. கை கூப்பினாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஏகநாதன் கேட்டார். "உங்க பூனைக்குச் சீட்டாடத் தெரியுமாம்மா?"

"சார்?"

"தெரிஞ்சா சனிக்கிழமை பெருங்களத்தூருக்கு அனுப்புங்க. எங்க வீட்லயும் பதினோரு வருஷமா காக்கா சோத்தைத் தொடல. அப்பா பரண்ல தனியாவே சீட்டாடிக்கினு இருக்காரு, பாவம்."