பதினோராம் மேசைக்கு வரும் கேள்விகள்

"இது பையன் இல்ல டீச்சர். யாரோ பெரிய ஆளு. உங்களையே குறி வச்சுக் கேக்குறான்" என்றார் சூப்பர்வைசர், குரலைத் தாழ்த்தி.

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்று பிள்ளைகள் எழுதி அனுப்பினால் உடனுக்குடன் பதில் எழுத வேண்டும். மாலை நான்கிலிருந்து எட்டு வரை அதுதான் அவள் வேலை. பிள்ளைகளின் பெயர் வராது. வகுப்பும் ஓர் எண்ணும்தான் வரும். இன்ன மேசைதான் வேண்டும் என்று அவர்கள் கேட்டு வாங்கலாம்.

எட்டாம் வகுப்பு, எண் 4417 கேட்பது எப்போதும் பதினோராம் மேசையை. டீச்சரின் மேசை அது. பின்னம், ஒளிச்சேர்க்கை, உலகப் போர், எழுவாய், பயனிலை என்று விட்டுவைத்த பாடம் இல்லை. அலுவலகத்தில் 'கேள்வி மன்னன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறான், பாருங்க. பாதரசத்துக்குக் குறியீடு என்னன்னு போன வாரம் கேட்டான். நேத்தும் அதையே கேட்டிருக்கான். நீங்க காய்ச்சல்னு லீவு போட்டீங்களே, அந்த மூணு நாளும் யார்கிட்டயும் வாயே திறக்கல. அந்த நம்பரைத் தடை பண்ணிடவா?"

"இருக்கட்டும் சார்."

எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் அவளுடைய பதில் அதுதான். ஷூ மாட்டக் குனிந்த கணவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். பத்தாம் நாள் வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் சமைத்தாள், துணி மடித்தாள். மகள் சாப்பிட்டாளா என்பதைத் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

திரை மினுங்கியது. 4417.

'டீச்சர், தூங்கும்போது இதயம் நிக்குமா?'

'நிற்காது. துடிப்பு மட்டும் குறையும்' என்று விரல்கள் தாமாக எழுதின.

'நின்னா வலிக்குமா?'

விரல்கள் அப்படியே நின்றன. பின்னால் இருந்து எட்டிப் பார்த்த சூப்பர்வைசர் பதறினார். "நான் சொன்னேன்ல! உங்க வீட்டு விஷயம் தெரிஞ்சவன். வேணும்னே சீண்டுறான். நீங்க எழுந்திருங்க, நான் பாத்துக்குறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் எதுவோ சுருக்கென்றது. கோபமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

'யார் நீ? என்னிடம் ஏன் இதைக் கேட்கிறாய்?'

'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று திரையில் வந்தது. மறைந்தது. திரும்பவும் வந்தது. பக்கத்து மேசையில் யாரோ ஒரு குழந்தைக்கு ஏழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தபடியே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க, மாட்டிக்கிட்டான். இனி பதிலே வராது" என்றார் சூப்பர்வைசர்.

வந்தது.

'வீட்டுல கேட்டா நீ பேச மாட்டேங்குறியேம்மா.'