ஒன்று புள்ளி இரண்டு

கம்பி மறுபடியும் நின்றது.

நெருப்பு இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது.

அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது.

காலையிலிருந்து ஜெசிந்தா அந்தத் தானியங்கி வெல்டிங் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கம்பி சீராக வெளியே வரவில்லை. முனையிலிருந்த டிப்பை மாற்றிப் பார்த்தாள். கம்பி வரும் குழாயைக் கழற்றி, காற்றடித்து, தூசியைத் தட்டி மாட்டினாள்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

அவள் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவனுக்கு இங்கே பதினான்கு வருட அனுபவம். ஆனாலும் எந்த மெஷின் நின்றாலும் ஃபோர்மேன் நாகப்பன் வாயில் முதலில் வருவது அவள் பெயர். கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது புது வெல்டிங் ரோபோ வேறு வந்து இறங்கியிருக்கிறது. அது யார் கைக்கு என்று இன்றைக்குள் சொல்லிவிடுவார்.

திணறட்டும்.

அவர் கண் முன்னாலேயே திணறட்டும்.

சுவரோரம் கம்பி தீர்ந்த காலிச் சுருள் ஒன்று கிடந்தது. நேற்றுவரை ஓடியது. அட்டையில் கம்பியின் தடிமன் 1.2 என்றிருந்தது.

மெஷினில் தொங்கிய சுருளைப் பார்த்தான். 1.0.

கட்டியிருந்த கையை இறக்கினான்.

காலையில் சுருளை மாற்றியது அவன். அதற்கேற்ற டிப்பைப் போட்டதும் அவன். கம்பியைத் தள்ளும் ரோலரைத் திருப்பிப் போட மட்டும் மறந்துவிட்டான். ரோலரில் ஒரு பக்கம் தடித்த கம்பிக்கான பள்ளம், மறுபக்கம் மெல்லிய கம்பிக்கானது. மெல்லிய கம்பி பெரிய பள்ளத்தில் கிடந்து வழுக்கிக்கொண்டிருக்கிறது. வேலைக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு.

ஜெசிந்தா முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். டிப் ஆயிற்று. குழாய் ஆயிற்று.

அடுத்தது ரோலர் பெட்டி.

மூடியைத் திறந்தால் போதும், 1.2 என்று கொட்டை எழுத்தில் தெரியும்.

டீக்கு மணி அடித்தது.

"வாங்கண்ணே, குடிச்சிட்டு வந்து பொட்டியத் தொறப்போம்."

"நீ போம்மா. வர்றேன்."

ஷெட் காலியானது. மூடியைத் திறந்தான். திருகைக் கழற்றினான். ரோலரைத் திருப்பிப் போட்டு மூடினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லோரும் டீ குடித்துத் திரும்பி வந்ததும் நாகப்பனே பட்டனை அழுத்தினார்.

கம்பி நிற்காமல் வந்தது. நெருப்பு அடங்கி, ஒரே சீராக எரிந்தது.

"ஜெசிந்தா கை பட்டாப் போதும்."

அவள் நெற்றி சுருங்கியது. "சார், நான் இன்னும் பொட்டியத் தொறக்கவே இல்ல."

"பாரு, வேலையையும் செஞ்சிட்டு செய்யலங்குது." நாகப்பன் அவன் பக்கம் திரும்பினார். "ரோபோவ ஜெசிந்தாட்டயே குடுத்துரலாம். என்னப்பா?"

நான்தான் சார் சரி செய்தேன்.

தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால், எது கெட்டிருந்தது என்பார். யார் கெடுத்தது என்பார்.

"நல்ல புள்ள சார்" என்றான்.

நாகப்பன் போன பிறகு ஜெசிந்தா மெஷினை நிறுத்தினாள். பெட்டியின் மூடியைத் திறந்து ரோலரைப் பார்த்தாள். 1.0 பக்கம் திரும்பியிருந்தது.

பிறகு சுவரோரம் கிடந்த காலிச் சுருளைப் பார்த்தாள்.