அறுத்த பெட்டி

சாரம் என்னும் ஊரில் ஒரு வீட்டில் நடுப்பகல் வெயில் ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் விழுகிறது. அதில் ஈயப் புகை நேராக எழுகிறது. ராஜாங்கம் குனிந்து, அடுப்புத் தணலில் காய்ச்சிய இரும்பால் ஸ்பீக்கரின் ஒரு முனையில் சிவப்புக் கம்பியைப் பற்றவைக்கிறான். ஸ்பீக்கரைப் பொருத்தியிருப்பது அவன் மனைவி ஆதிலட்சுமி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பெட்டியில். காலையில் அவள் கடைக்குப் போயிருந்தபோது அதன் முகப்பை வட்டமாக அறுத்துவிட்டான். அவளுடைய புடவைகள் பாயில் குவிந்து கிடக்கின்றன, மேலெல்லாம் மரத்தூள்.

"ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியா? அந்தக் கறுப்புக் கம்பிய எடு."

அவள் அசையவில்லை. அவனே எட்டி எடுத்து மறுமுனையில் அழுத்திக்கொண்டு, கம்பிகளின் நுனியைப் பேட்டரியில் தொடுகிறான். 'டப்' என்று காகிதக் கூம்பு முன்னே எம்புகிறது. அவன் முகம் மலர்கிறது.

"பாரு, உசுரு வந்துடுச்சி! ரேடியோவுல மாட்டிட்டா வீடே பேசும்."

ஆதிலட்சுமி புடவைகளை ஒவ்வொன்றாக உதறி மூட்டை கட்டுகிறாள். மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"அதுவே பேசட்டும். நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். கூப்புட வந்துடாத."

அவள் தெருவில் இறங்குகிறாள். ராஜாங்கம் எழுந்திருக்கவில்லை. கறுப்புக் கம்பியைப் பற்றவைக்க இரும்பை மறுபடி தணலில் செருகுகிறான்.