மூன்றாம் வரிசையில் ஒரு முகம்

"ஹீரோவை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்குங்க தம்பி," என்றார் தயாரிப்பாளர்.

திரையில் ஹீரோ கைவிலங்கோடு ஒரு பீப்பாய் மேல் நின்றுகொண்டிருந்தான். கரும்புத் தோட்டத்து அடிமைகளின் தலைவன். தோலைப் பார்த்து மனிதனை எடை போடாதே என்று வெள்ளைக்கார முதலாளியிடம் முழங்குகிற காட்சி. படத்தின் உயிரே அதுதான்.

படத்துக்கு நிறம் திருத்துகிற கலரிஸ்ட், திரையில் ஹீரோவின் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேசையில் பதித்திருந்த உருண்டையை விரல்நுனியால் உருட்டினான்.

தலைமுறை தலைமுறையாக வெயிலில் கரும்பு வெட்டிய வம்சத்தின் முகம் பாலாடையாக வெளுத்தது.

"இப்பதான் ஜனங்க அழுவாங்க. கறுப்பு மூஞ்சில கண்ணீர் எங்க தெரியுது?"

இயக்குநருக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. அவர் நிறவெறிக்கு எதிரானவர். சட்டையிலேயே அச்சடித்திருந்தது.

"சார், இது அடிமைங்க கதை. எனக்கு உண்மை வேணும். எல்லாரும் அட்டக்கறுப்பா இருக்கணும்."

"உண்மைய உங்க வீட்டுல ஓட்டிக்குங்க. இது தியேட்டர்ல ஓடணும்."

டீ ஆறி ஆடை கட்டும்வரை இருவரும் மோதினார்கள். கடைசியில் யானைக்கும் பானைக்கும் சரியாகிப் போனது. ஹீரோ வெளுப்பாகவே இருக்கட்டும். அதில் குறைந்த உண்மையை, பின்னால் நிற்கிற கூட்டத்தைக் கறுப்பாக்கி ஈடுகட்டிவிடலாம்.

கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கலரிஸ்டின் கண் அந்தக் கூட்டத்துக்குப் போனது. மூன்றாம் வரிசையில், இடது ஓரத்தில், ஒரு கிழவியின் முகம். அது ஒன்று மட்டும் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் வேண்டாத தெய்வமில்லை.

கறுப்புக்கான உருண்டையை மெல்ல உருட்டினான். கொதிக்கிற பாலைக் கிளறுகிறவன் மாதிரி, அத்தனை மெல்ல.

கடைசி வரிசை போனது. அதற்கு முந்தைய வரிசை போனது. மூன்றாம் வரிசையும் இருண்டது.

கிழவி மட்டும் போகவில்லை. சாம்பல் பூத்தாற்போல் அங்கேயே நின்றாள். எல்லோரும் அழுகிற இடத்தில் அவள் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டு வேறு இருந்தாள்.

"நிறுத்துங்க," என்றார் இயக்குநர். "யாருய்யா அந்தக் கிழவி? சவுக்கடி வாங்குற எடத்துல பவுடர் பூசிக்கிட்டு நிக்குது?"

"முதலாளியம்மா டப்பால திருடியிருக்கும்," என்றார் தயாரிப்பாளர்.

அறையே சிரித்தது. கலரிஸ்டும் சிரித்தான். சிரிக்காவிட்டால் கவனிப்பார்கள்.

"தெரியல சார். கூட்டத்துல யாரோ," என்றான். பிறகு, "ஓரத்துலதானே நிக்குறாங்க, இருந்துட்டுப் போகட்டுமே சார்," என்றும் சொல்லிப் பார்த்தான்.

"அந்த ஒரு மூஞ்சி போதும் தம்பி, என் உண்மை மொத்தமும் ஊத்திக்க. அமுக்குங்க."

அவன் கிழவியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். ஹீரோவுக்குப் போட்ட அதே வட்டம். உருண்டையை மட்டும் எதிர்ப்பக்கம் உருட்ட வேண்டும்.

முதலில் நெற்றிச் சுருக்கம் போனது. அப்புறம் மூக்கு. சிரிப்பு கொஞ்சம் அடம்பிடித்தது; அதுவும் போனது.

"ஆஹா," என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "இப்பதான் அடிமை மாதிரி இருக்கு."

தயாரிப்பாளரும் மறுக்கவில்லை. அன்று முழுக்க அவர்கள் பேரம் பேசாமல் ஒத்துப்போன ஒரே இடம் அது.

கலரிஸ்ட் வராந்தாவுக்கு வந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"நான் வர்ற எடம் வந்துடுச்சாடா?" அம்மாதான். பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்களின் சளசளப்பு. "நீ சொன்ன மாதிரியே, மேக்கப்காரன் அந்தாண்ட போனதும் பவுடர அப்பிக்கிட்டேன். இல்லாட்டி இருட்டு முழுங்கிடும்னியே. பளிச்சுனு தெரியறேனா?"

அவன் பின்னாலிருந்த அறைக்கதவை இழுத்துச் சாத்தினான்.

"சொல்லேன்டா. யாராச்சும் என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா," என்றான். "டைரக்டரே கேட்டாரு."

அம்மா போனைக் காதிலிருந்து எடுப்பது கேட்டது.

"டைரக்டரே கேட்டாராம்டி!"