தலைகீழ் சுருதி

"இது கிட்டாரா, கொசுக் கூட்டமா? இன்னாய்யா கட்டி வெச்சிருக்க?"

ஏனோக் மாஸ்டர் கேட்டதும் சர்ச் கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோலார் தங்கவயலுக்கு மின்விளக்கு வந்த மறுவருடம். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கீத விஷயத்தில் அங்கே மாஸ்டர் சொன்னதுதான் முடிவு.

எதிரே நின்ற சாம்ராஜுக்குச் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை. கூட வேலை பார்த்த இத்தாலிக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது அந்தப் பழைய கிட்டாரை இவரிடம் விட்டுப் போனார். ஐந்து ஜோடி நரம்புகள் கொண்டது. இரண்டு வருடமாக ஷிப்ட் முடிந்ததும் அதோடுதான் உட்காருவார். இந்தக் குழுவில் ஒரு இடம் கிடைத்தால் போதும் என்பது அவர் ஆசை.

மாஸ்டர் அதை வாங்கி, மேலே இருந்த இரண்டு ஜோடிகளை நகத்தால் தட்டினார். தடித்த நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய நரம்பு. கீழ்ச் சுருதி வர வேண்டிய இடத்தில் மேல் சுருதி. நடு ஜோடிதான் எல்லாவற்றிலும் தாழ்ந்து ஒலித்தது. படிக்கட்டின் நடுவில் பள்ளம் தோண்டிய கதை என்றார் மாஸ்டர். மறுபடியும் சிரிப்பு.

ஒரே ஒரு தரம் வாசித்துக் காட்டுவதாகச் சாம்ராஜ் கெஞ்சினார். சுண்டு விரலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, அடுத்தடுத்த ஸ்வரங்களை ஒரே நரம்பில் எடுக்காமல் வேறு வேறு நரம்புகளில் மீட்டினார். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது எழுந்து, சின்னச் சின்ன மணிகளாக ஒலித்தது. ஆர்மோனியம் வாசிக்கும் ஐடா டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாஸ்டர் கைகாட்டி நிறுத்தினார். ஒரு சத்தத்தை அணைத்துவிட்டு அடுத்ததைத் தொடத் தெரியாமல், எல்லாவற்றையும் கலந்து கூழாக்கிவிட்டான் என்றார்.

"உனக்குச் சொல்லிக் குடுத்தவன் சுத்த ஞானசூனியம். அவனுக்குக் காதும் இல்ல, மூளையும் இல்ல."

அதுவரை குனிந்திருந்த சாம்ராஜின் முகம் இறுகியது. "என்னை இன்னா வேணும்னாலும் சொல்லுங்க ஐயா. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போன இத்தாலிக்காரனுக்கா இவ்வளவு பரிவு என்று கேட்டுவிட்டு, மாஸ்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாம்ராஜ் கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். ஐடா எழுந்து பின்னாலேயே போய், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அவர் தயங்கினார்.

"சொல்லுய்யா, ஊரே தெரிஞ்சுக்கட்டும்" என்றார் மாஸ்டர், இருந்த இடத்திலிருந்தே.

"இத்தாலிக்காரருக்கு வாசிக்கவே தெரியாதுங்க. அவங்க தாத்தா வெச்சிருந்ததாம்." சாம்ராஜ் மடியிலிருந்து ஓரம் நைந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து ஐடாவிடம் நீட்டினார். "இதைப் பார்த்துதான் கத்துக்கிட்டேன். மேல் ரெண்டு ஜோடிக்கும் தடிச்ச நரம்பு கட்டவே கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

ஐடா அட்டையைத் திருப்பி, கூடம் முழுவதும் கேட்கும்படி படித்தார்:

"கிட்டார் போதினி. பல தேசத்து நூல்களை ஆராய்ந்து இயற்றியவர், ஏனோக் மாஸ்டர்."